ரிலீஸ் கடிதம் யார் கையில்?

மதுரைக்காரரான தக்ஷினேஸ்வர் சுரேஷ் டென்னிஸ் ஆடிக்கொண்டே படிப்பதற்காக அமெரிக்கா போனார். அவர் சேர்ந்த முதல் கல்லூரியின் பெயரை இங்கே அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஜார்ஜியா க்வின்னெட் என்ற அந்தக் கல்லூரி, பெரிய பல்கலைக்கழகங்களின் சங்கமான என்.சி.ஏ.ஏ.வில் கிடையாது. சிறிய கல்லூரிகளுக்கென்று இருக்கும் என்.ஏ.ஐ.ஏ.வில் ஆடுகிறது. அங்கே பெயரெடுத்த பிறகு வட கரோலினாவில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 மே மாதம் வேக் ஃபாரஸ்ட் என்.சி.ஏ.ஏ. குழுப் பட்டத்தை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் டேவிஸ் கோப்பையில் முதன்முறையாக இந்தியாவுக்காக இறங்கி, ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வென்றார். இந்தியா 3-1 என்று ஜெயித்துத் திரும்பியது.

நடுவில் நடந்த அந்தக் கல்லூரி மாற்றம் இன்றைக்கு அமெரிக்காவில் சர்வசாதாரணம். அதை அப்படி ஆக்குவதற்குள் அங்கே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் ஊரில் கதை வேறு. இங்கே ஆட்டக்காரர்கள் அணி மாறுவதற்கு விதி பெரிய தடையாக இருந்ததில்லை. மாற வைத்ததும், மாறியவரை மறுபடி நகர விடாமல் பிடித்து வைத்ததும் வேலைதான்.

1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வந்த எம்.ஜே. கோபாலன். அவரைக் கண்டுபிடித்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அவர் கோபாலனுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்ததை விடப் பெரிய உபகாரம் ஒன்று செய்தார்: பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். கிரிக்கெட்டில் சம்பளம் இல்லாத காலம். மாதம் பிறந்தால் கைக்குப் பணம் வர ஒரு கம்பெனி வேண்டும், போட்டிக்கு விடுமுறை கொடுக்கும் மேலாளர் வேண்டும். கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை, ஹாக்கி அணியோ தங்கத்தோடு வந்தது. எந்த அணி என்று முடிவெடுக்கும் சுதந்திரம் ஆட்டக்காரருக்கு எப்போதும் லாபமாக முடிவதில்லை என்பதற்குச் சென்னையில் இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனி இல்லாத ஊர்களில் மகாராஜா இருந்தார். நாக்பூரில் பிறந்த சி.கே. நாயுடுவை 1923இல் இந்தூருக்கு அழைத்து, தன் படையில் கேப்டன் பதவி கொடுத்து வைத்துக்கொண்டார் ஹோல்கர் அரசர். ராணுவ உடை பெயருக்கு, ஆட்டம் நிஜத்துக்கு. அப்படிச் சேர்த்த கூட்டம்தான் பிற்பாடு பதினான்கு வருஷத்தில் பத்து முறை ரஞ்சி இறுதிப் போட்டிக்குப் போய் நான்கு முறை கோப்பையைத் தூக்கியது. 1944-45 இறுதிப் போட்டியில் பம்பாய்க்கு எதிராக ஹோல்கருக்கு ஆடியவர்களில் ஒருவர், போர்க்காலத்தில் ராணுவ சேவைக்காக இந்தியாவில் இருந்த இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன். ஆட்டமிழக்காமல் 249 ஓட்டம் அடித்தும் அணி தோற்றது. பரோடா அரசரும் சளைத்தவர் இல்லை. சாங்லியைச் சேர்ந்த விஜய் ஹசாரேயும் லாகூரிலிருந்து வந்த குல் முகமதுவும் 1947இல் பரோடாவுக்காகச் சேர்ந்து எடுத்த 577 ஓட்டங்கள், 2006 வரை உலக சாதனையாக நின்றன. எதிரணி? அதே ஹோல்கர்தான். இரு பக்கமும் வெளியூர்க்காரர்கள், இரு பக்கமும் அரண்மனைச் சம்பளம்.

சமஸ்தானங்கள் போன பிறகு 1954-55 பருவத்தோடு ஹோல்கர் அணியும் போனது. பத்து இறுதிப் போட்டி கண்ட ஓர் அணி இல்லாமல் போக, அதற்குச் செலவு செய்தவர் விலகியதே போதுமானதாக இருந்தது.

கால்பந்தில் எல்லாச் சாலையும் கல்கத்தாவுக்கே போயின. அங்கே கிழக்கு வங்காளம் (ஈஸ்ட் பெங்கால்) என்ற கிளப்பின் அணியில் 1949 முதல் ஐந்து முன்கள வீரர்கள் ஒன்றாக ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ரசிகர்கள் வைத்த பெயர் 'பஞ்ச பாண்டவர்'. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள், ஒருவர்கூட வங்காளி இல்லை. பெங்களூர், காக்கிநாடா, கேரளம் என்று பல இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்த அந்த அணி, 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. சீசன் தொடங்குவதற்கு முன்பு வீரர்கள் வங்காளக் கால்பந்துச் சங்கமான ஐ.எஃப்.ஏ.வின் அலுவலகத்தில் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எதிர்க் கிளப்காரர்கள் கண்ணில் படாமல் வீரரை ஏதாவது ஒரு வீட்டில் ஒளித்து வைத்து, கடைசி நாளில் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கிய கதைகளைக் கல்கத்தாவில் இன்றும் சலிக்காமல் சொல்வார்கள். கல்யாணப் பெண்ணைக்கூட அவ்வளவு காவல் காத்திருக்க மாட்டார்கள்.

துளசிதாஸ் பலராம் அந்த வழியில் போனவர். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பயிற்சிக்கு வர வழியில்லாத பையனுக்கு வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தவர் ஹைதராபாத்தின் பெரும் பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு பலராம் கிழக்கு வங்காளக் கிளப்புக்குப் போய்விட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார், 1961இல் கிளப் அணியின் தலைவரானார். 1963இல் அவர் போன அடுத்த இடம் பெங்கால் நாக்பூர் ரயில்வே அணி. அந்தக் காலத்து வீரர்கள் பலருக்கும் கடைசி ஸ்டேஷன் ரயில்வேதான். உருவாக்கிய ஊருக்குப் பெருமை மிஞ்சியது, ஆட்டம் மிஞ்சவில்லை.

ரயில்வே விளையாட்டு வாரியம் 1928இல் தொடங்கப்பட்டது. 1958-59இல் ரயில்வே தன் சொந்தப் பெயரில் ரஞ்சிக் கோப்பைக்கு வந்தது. அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. பெண்கள் கிரிக்கெட்டில் பல ஆண்டுகளுக்கு மாநில அணிகள் எல்லாம் ஒரு பக்கம், ரயில்வே ஒரு பக்கம். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மிதாலி ராஜ் வளர்ந்தது ஹைதராபாத்தில், ஆடியது ரயில்வேக்கு. பெண்கள் ஆட்டத்துக்கு யாரும் காசு கொடுக்காத நாளில் நிரந்தர வேலை கொடுத்த ஒரே பெரிய முதலாளி அவர்கள். நல்ல ஆட்டக்காரி ஒருத்தி தலையெடுத்தால் இரண்டு வருஷத்தில் மாநிலத்தை விட்டு ரயில்வேக்குப் போய்விடுவாள். மாநிலச் சங்கங்கள் புலம்பின. ஆனால் அந்தப் பெண்களுக்கு அவை கொடுக்க முன்வந்தது என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கிகள், காவல்துறை என்று எல்லா அணிகளும் இதே கணக்கில் நடந்தவைதான். நியமன ஆணை கையில் வந்த பிறகு அணி மாறுவது என்றால் வேலையை விடுவது. யார் விடுவார்கள்?

அமெரிக்கக் கல்லூரிகளில் நீண்ட காலம் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு இருந்தது. அங்கே ஆட்டக்காரர் மாணவர், ஊழியர் இல்லை. சம்பளம் கிடையாது, உதவித்தொகை மட்டும் கிடைத்தது. ஆனால் கல்லூரி மாறினால் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடுபவர்கள் ஒரு வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. டென்னிஸ், தடகளம் போன்றவற்றில் ஒரு முறை விலக்கு இருந்தது, அதுவும் பழைய கல்லூரி சம்மதித்து ரிலீஸ் கடிதம் கொடுத்தால்தான். பயிற்சியாளர் மட்டும் நடுவில் கிளம்பி இரட்டைச் சம்பளத்துக்கு வேறு கல்லூரிக்குப் போக முடிந்தது. அவரை நம்பிச் சேர்ந்த பையனால் போக முடியவில்லை.

இந்த விதி எவ்வளவு முரட்டுத்தனமாகப் பயன்பட்டது என்பதற்குக் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இரண்டு உதாரணம் தந்தது. 2014இல் அங்கே பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளரை நீக்கினார்கள். ஸ்பெயினிலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த லெட்டிசியா ரொமேரோ தானும் போகிறேன் என்றார். பல்கலைக்கழகம் ரிலீஸ் கொடுக்க மறுத்தது. மேல்முறையீட்டிலும் மறுத்தது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகுதான் விட்டார்கள். 2017இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி சட்டன் 35 கல்லூரிகளின் பெயரை எழுதிக் கொடுத்து இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போகிறேன் என்றார். முதியவரும் புகழ்பெற்றவருமான பயிற்சியாளர் பில் ஸ்னைடர் 35க்கும் முடியாது என்றார். சில நாளில் மன்னிப்புக் கேட்டு ஒப்புக்கொண்டார்.

அதே 2017இல் அதே கான்சாஸ் ஸ்டேட்டில் உயரம் தாண்டச் சேர்ந்தவர் தேஜஸ்வின் சங்கர், டெல்லியில் வளர்ந்த தமிழர். 2018இலும் 2022இலும் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றார். அவர் கல்லூரி மாறவே இல்லை. கிளிஃப் ரொவெல்டோ என்ற ஒரே பயிற்சியாளரிடம் இருந்தார். அவரை இழுத்துப் பிடிக்கப் பார்த்தது அமெரிக்க விதி இல்லை, சொந்த நாட்டுச் சங்கம். 2022 ஜூனில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் மாநிலங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி நடந்த அதே வாரத்தில் ஓரிகான் மாநிலத்தின் யூஜினில் என்.சி.ஏ.ஏ. போட்டி. தேஜஸ்வின் யூஜினில் 2.27 மீட்டர் தாண்டிப் பட்டம் வென்றார். காமன்வெல்த் போட்டிக்கு இந்தியத் தடகளச் சம்மேளனம் கேட்ட உயரமும் அதே 2.27தான். இருந்தாலும் சென்னைக்கு வரவில்லை என்று பெயரை விட்டுவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் பர்மிங்காம் போனார், வெண்கலத்தோடு வந்தார்.

2018 அக்டோபரில் அமெரிக்காவில் கதவு திறந்தது. கல்லூரியின் அனுமதி வேண்டாம், தகவல் சொன்னால் போதும். பெயர் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பட்டியலில் ஏறும், மற்றக் கல்லூரிகள் பேசலாம். 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டிலும் ஒரு முறை உட்காராமல் மாறலாம் என்று ஆனது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்ற அனுமதியும் வந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததில்தான் விஷயம் வெடித்தது. மாறும் உரிமைக்கு இப்போது விலையும் உண்டு. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நீதிபதி இரண்டாம் முறை மாறுபவர்களுக்கு இருந்த தடையையும் நிறுத்தி வைத்தார். 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. தானே கையைத் தூக்கிவிட்டது: படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூனில் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்.

கல்லூரி மாறுவதால் வீரர்களுக்கு லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் பெஞ்சில் இருந்த ஜோ பர்ரோ லூசியானா ஸ்டேட் போய் 2019இல் நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். டிராவிஸ் ஹன்டர் தன் பயிற்சியாளர் டியோன் சாண்டர்ஸ் ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து கொலராடோ போனபோது கூடவே போனார், 2024இல் அதே விருது அவருக்கு. சட்டனுக்கு மறுக்கப்பட்டது ஹன்டருக்குச் சிரமமில்லாமல் கிடைத்தது.

கொலராடோவில் ஏற்கெனவே இருந்தவர்கள் கதை என்ன ஆனது? சாண்டர்ஸ் வந்த முதல் கூட்டத்திலேயே பழைய வீரர்களைப் பார்த்துப் போர்ட்டலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பெரும்பாலானவர்கள் போனார்கள். திறந்த கதவு உள்ளே தள்ளவும் பயன்படும், வெளியே தள்ளவும் பயன்படும். அவர் வருவதற்கு முன் 2022இல் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்றிருந்த அணி 2024இல் ஒன்பது வென்றது என்பதால் யாரும் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

பயிற்சியாளர்களுக்கு இது வேறு தொழிலாக மாறிவிட்டது. பதினெட்டு வயதுப் பையனை எடுத்து, இரண்டு வருஷம் உடம்பை ஏற்றி, மூன்றாம் வருஷம் இறக்குவது என்ற பழைய முறையில் ஊறியவர்கள் திணறினார்கள். வர்ஜீனியாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டோனி பென்னட் அப்படித்தான் அணியை வளர்த்து 2019இல் தேசியப் பட்டம் வென்றவர். 2024 அக்டோபரில், சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவர் இல்லை என்று சொல்லி விலகினார். அதே வர்ஜீனியாவில்தான் சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் நான்கு ஆண்டு ஆடினார். 2007 என்.சி.ஏ.ஏ. இறுதிப் போட்டியில் ஜார்ஜியாவின் ஜான் இஸ்னரை வென்றார், 2008இல் பட்டத்தைத் தக்கவைத்தார். சோம்தேவ், இஸ்னர் இருவருமே நான்கு வருஷமும் தத்தம் கல்லூரியிலேயே இருந்தவர்கள். இன்று ஆடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எத்தனை அழைப்பு வந்திருக்கும் என்று யோசிக்கலாம். இந்தியரான சோம்தேவுக்கு அழைப்பு வந்தாலும் பணம் சுலபமாக வந்திருக்காது என்பது உபரிச் செய்தி. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய முடியாது. விளம்பர வருமானமும் அந்த வலையில் சிக்குகிறது. சந்தை எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கல்லாப்பெட்டி உள்ளூர்க்காரருக்குத்தான்.

சிறிய கல்லூரிகளுக்குத்தான் அடி பலம். அவர்கள் கண்டுபிடித்து, தப்பும் தவறுமாக ஆடவிட்டு, ஆளாக்கிய வீரரைப் பெரிய கல்லூரி அடுத்த சீசனில் எடுத்துக்கொள்கிறது. க்வின்னெட் போன்ற கல்லூரிகள் இதைப் புரிந்துகொண்டு அதையே தொழிலாக வைத்துக்கொண்டவை. எல்லோராலும் அது முடியாது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் சின்ன வடிவத்தைப் பார்க்க ஜவ்வாது மலை அடிவாரத்துக் கண்ணமங்கலம் வரை போனால் போதும். காட்பாடி-விழுப்புரம் ரயில் பாதையில் உள்ள பேரூர். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவரை அதற்குத் தலைநகர் வேலூர். 1989 செப்டம்பர் 30இல் மாவட்டம் பிரிந்தபோது கண்ணமங்கலம் திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. நிர்வாகம் தெற்கே போனாலும் கடைகண்ணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் ஜனங்கள் போவது பக்கத்திலிருக்கும் வேலூருக்குத்தான். விளையாட்டில் இதற்கு ஒரு விளைவு உண்டு. பள்ளிகளுக்கான குடியரசு தின விளையாட்டும் பாரதியார் தின விளையாட்டும் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறுகின்றன. எட்டாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளியில் ஓடிய பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வேலூர்ப் பள்ளியிலோ விளையாட்டு விடுதியிலோ சேர்ந்தால் அவள் இனி வேறு மாவட்டத்து வீராங்கனை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். மெடல் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே திருவண்ணாமலை என்ற பெயர் வராது.

கல்லூரிக்கு வந்தால் கோடு மறுபடி மாறும். 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும் வருகிறது, திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியும் வருகிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இறங்குவது கல்லூரி அல்ல, பல்கலைக்கழகம். ஆகவே எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அங்கே சட்டை ஒன்றுதான். சென்னையின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், ஷூவும் தருகிறோம் என்று சொல்லி அழைத்தால்தான் சட்டை மாறும். அழைப்பது நடக்கிற காரியம்தான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. ஒரு மாநிலச் சான்றிதழின் மதிப்பு என்ன என்று பிள்ளைகளை விடப் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகு ரயில்வே, காவல்துறை, ராணுவம். கபடி ஆடுபவராக இருந்தால் 2014 முதல் புரோ கபடி ஏலமும் சேர்ந்துகொண்டது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஏலத்தில் அணி அணியாக மாறி, 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைவராகக் கோப்பை வாங்கினார். வேலை ஒரு இடத்திலும் ஆட்டம் வேறு இடத்திலும் என்று பிரிந்தது அந்தத் தலைமுறைக்குப் புதிது. பர்மா ஷெல் கோபாலனால் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

இந்த ஏணியின் அடிப்படியில் நிற்பவர் பள்ளிக்கூடத்துப் பி.டி. சார். காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்து, சொந்தக் காசில் ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து, யார் ஓடுவார், யார் தாண்டுவார் என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். பிள்ளை விடுதிக்குப் போக வேண்டுமா என்று குடும்பம் கேட்கும்போது "போகட்டும்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லாமல் பிடித்து வைப்பவர்களும் இல்லாமல் இல்லை. ரிலே அணியின் நான்காவது ஆள் போய்விட்டால் அந்த வருஷம் ரிலேயே இல்லை.

ஐரோப்பியக் கால்பந்தில் 1995இல் பாஸ்மன் வழக்கின் தீர்ப்பு ஒப்பந்தம் முடிந்த வீரர்களை விடுவித்தபோது சிறிய கிளப்புகள் இதே கவலையைச் சொன்னன. அதற்கு ஃபிஃபா 2001இல் ஒரு வழி கண்டது. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரரை விலைக்கு வாங்கினால், அந்தப் பணத்தில் ஐந்து சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போக வேண்டும். எந்த ஊர் மைதானத்தில் எத்தனை வருஷம் ஆடினார் என்பதற்கு ஆவணம் இருந்தால் போதும். பல சிறு கிளப்புகளுக்கு மின்கட்டணமும் புல்வெட்டும் செலவும் அப்படிக் கிடைத்திருக்கின்றன. போர்ட்டலைத் திறந்த அமெரிக்கக் கல்லூரிகள் அப்படி ஒரு பங்கை எழுதிக்கொள்ளவில்லை. இங்கே எழுதுவது என்றால் முதலில் பணம் கைமாற வேண்டும். கண்ணமங்கலத்துப் பிள்ளை வேலூருக்கோ சென்னைக்கோ போகும்போது கைமாறுவது மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான், அதிலும் பயிற்சி கொடுத்தவர் பெயருக்கு இடம் கிடையாது.